புதன்கிழமைச் சத்தம்

பாலர் பாடசாலையில் ரீச்சர் கேட்டாவாம்:
"அ-வில தொடங்குற வசனம் ஒண்டு சொல்லுங்க பாப்பம்."
அணில் பழம் தின்னுது என்றான் ஒருத்தன்.
அப்பா கடைக்குப் போனார் என்றாள் ஒருத்தி.
என் மகள் கிதுர்ஷி எழும்பி
கையைக் கட்டிக்கொண்டு
"அம்மா வீட்டில இல்ல" என்றாள்.

பிழையில்லாத வசனம்.
ரீச்சர் நெற்றியில் நட்சத்திரம் ஒட்டி விட்டிருந்தா.

நான் சொல்லிக் கொடுத்ததுதான்.
புதன்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு
கிழமை லோன்காரப் பொடியன் வருவான்.
இவர் கட்டாருக்குப் போக ஏஜென்சிக்குக் கொடுத்த காசு.
மோட்டார் சைக்கிள் வேலியோரம் நின்றதும்
இவள் படலைக்குப் போய் வசனத்தைச் சொல்வாள்.
அவன் உடனே போகமாட்டான்.
குழுத் தலைவி வீட்டு மாமரத்துக்குக் கீழே
கதிரை போட்டு ஒரு மணித்தியாலம் இருப்பான்,
எங்கள் கூரையைப் பார்த்தபடி.

அந்த ஒரு மணித்தியாலம்
நானும் அவளும் குசினி ராக்கைக்குப் பின்னால்.
ஃபோன் ஓஃப். அடுப்பு ஓஃப்.
கோப்பை வைக்கிற தட்டில் விரித்த பழைய பேப்பர்
அவள் கண்ணுக்கு நேரே.
"இது என்னம்மா?"
காதுக்குள் சொன்னேன்: "ம."
"இது?"
"ர."

மரண அறிவித்தல்.

முறக்கொட்டான்... என்று வந்து
தட்டின் விளிம்பில் மடிந்து
அடுத்த வரியில் சேனை.
"நாம இரிக்கிற இடம்" என்றேன்.
விரலை எடுக்காமல் அதையே
நாலு தரம் தடவினாள்.

அன்னாரின் படத்தில் எண்ணெய்க் கறை.
அன்னார் யாரென்று கேட்டாள்.
எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.
மறு கிழமை கோழி செத்துக் கிடந்தபோது
"அன்னார் நேத்தும் முட்டை போட்டவர்" என்றாள்.
வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்,
அதுவும் ஒரு புதன்கிழமை.

கத்தரிக்கோல் வெட்டிய இடத்தில்
அன்னார் பாதியில் நின்றார்.
"மறுகா?" என்றாள்.
மறுகாவை நான் உண்டாக்கினேன்.
எங்கள் வீட்டில் புத்தகம் என்று ஒன்றிருந்தால்
லோன் அட்டை. அதில் மறுகா
ஏற்கெனவே அச்சடித்திருக்கிறது.

இப்போது ஆண்டு இரண்டு.
பள்ளிக்கூடத்தால் கூப்பிட்டார்கள்.
"எழுத்துக் கூட்டாமலே வாசிக்கிறா அம்மா.
சத்தம்தான் வருதில்ல.
காதைக் கிட்ட வைச்சாத்தான் கேக்குது."
ஏறாவூர் ஆஸ்பத்திரியில் டோர்ச் அடித்துப் பார்த்தார்கள்.
தொண்டை சுத்தம்.

பக்கத்து வளவு மீன்காரர் மகன் ரிஷாந்தன்
பாடப் புத்தகத்தையே கூவி விற்கிறான்,
ஒழுங்கை முழுக்க.
அவன் வீட்டில் கதை என்றால் அப்படி.
இவளுக்கு வாசிப்பு என்பது
மூச்சுக்கு மேல் எழும்பக் கூடாத ஒன்று.
நான் ரீச்சரிடம் ஒன்றும் சொல்லவில்லை.
என்ன சொல்ல?

ராக்கையிலிருந்து பேப்பரை உரித்தேன்,
பல்லியெச்சத்தோடு, எண்ணெயோடு.
தண்டவாளப் பக்கம் கூட்டிப் போனேன்.
"ரயில் வரும். அப்ப வாசி.
எவ்வளவு கத்தினாலும் ஒருத்தருக்கும் கேக்காது."

வந்தது.
நிலம் அதிர்ந்தது, பேப்பர் படபடத்தது.
அவள் கழுத்து நரம்பு புடைத்ததைக் கண்டேன்,
வாய் இவ்வளவு பெரிதாகத் திறந்ததைக் கண்டேன்,
ஒரு சொல்லும் கேட்கவில்லை.
பெட்டிகள், பெட்டிகள்,
கடைசிப் பெட்டி.

ரயில் போய்விட்டது.
அவள் நிறுத்தவில்லை.
பேப்பர் முடிந்த இடத்தையும் தாண்டி,
நான் கேட்டேயிராத ஒரு குரலில்:
"மறுகா அன்னார் எழும்பி
காலக் கழுவிப்போட்டு
சோறு போடுங்க எண்டார்!"

மேய்ந்துகொண்டிருந்த ஆடு தலையைத் தூக்கியது.
ஒழுங்கைக்குள் ஒரு மோட்டார் சைக்கிள்
வேகம் குறைகிற சத்தம்.
மூன்று ஐந்து.

மெதுவா வாசி என்று
நான் சொல்லவில்லை.